தானாக விட்டுவிட்டு வந்தவள்

ஏப்ரலில் பனி உருகத் தொடங்கியதும் காட்டுப் பாதைகள் சேறாகிவிடும். மர லாரி உள்ளே போக முடியாது. லாரி போகாவிட்டால் மரம் வெட்டுகிறவர்களுக்கு வேலை கிடையாது. பாதை காயும் வரைக்கும் மெய்ன் மாநில அரசு அவர்களுக்கு வேலையிழப்புக் காப்பீட்டிலிருந்து வாரம் ஒரு தொகை கொடுக்கும். வியாழக்கிழமைதோறும் அரசாங்க ஆள் ஒருவர் வந்து, தேவாலயத்துக்குக் கீழே இருக்கும் கூடத்தில் மேஜை போட்டு உட்காருவார். ஊர் ஆண்களில் பாதிப் பேர் அங்கே வரிசையில் நிற்பார்கள்.

குளோவிஸ் திபோடோ அந்தப் பணத்தைச் 'சேத்துச் சம்பளம்' என்பான். அவனுடைய அக்கா ஒடீல் அதைப் பிச்சை என்பாள்.

"அது இன்ஷூரன்ஸ் அக்கா. முதலாளி கட்டுறது. வீடு எரிஞ்சா நீ வாங்க மாட்டியா?" என்று அவன் கேட்பான்.

"என் வீடு ஏன்டா எரியப்போகுது? நான் அடுப்பை அணைச்சுட்டுத்தான் படுப்பேன்" என்பாள் அவள்.

இருபது வருடங்களாக ஒவ்வொரு வசந்தத்திலும் இதே பேச்சு. அவன் அதற்குமேல் விளக்கப் போனால் ஒடீல் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவாள். யார் அந்தப் பணம் வாங்கலாம், யார் வாங்கக் கூடாது என்ற விவரமெல்லாம் அந்த ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

அவள் எட்டாவது வரைக்கும் படித்தவள். பதினாறு வயதில் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். அம்மா போன பிறகு குளோவிஸை வளர்த்ததும் அந்த மெஷின்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தாள். தலையணை உறையைக்கூடத் தேய்த்து மடித்து வைப்பாள். அவள் தைத்த ஷூவில் ஒரு தையல்கூடப் பிசகி யாரும் பார்த்ததில்லை என்று கம்பெனியில் சொல்வார்கள். அவளும் அதை மறுக்க மாட்டாள்.

பல வருடங்கள் அவள் தைத்தது நர்ஸுகள் போடும் வெள்ளை ஷூ. 1983-ஆம் வருடக் கோடையில் கம்பெனி கருநீலத் தோலுக்கு மாறியது. நூலும் கருநீலம். முதல் நாளே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெள்ளையில் நிழலை வைத்துத் தையலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கருநீலத்தில் நிழல் இல்லை. இடது கண்ணுக்கு முன்னால் வெகுநாளாகவே ஒரு மூட்டம் இருந்தது. ஜன்னல் அழுக்காக இருக்கிறது என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது விரல் நுனியால் ஓரத்தைத் தடவித் தடவித் தைக்க ஆரம்பித்தாள். வேகம் பாதியாயிற்று. கண்ணாடி மாற்றிப் பார்த்தாள், பிரயோஜனமில்லை.

அடுத்த பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மேனேஜர் ஹாஸ்கல் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் இரண்டு ஷூக்கள் இருந்தன. கடைக்காரர்கள் திருப்பி அனுப்பியவை. அவள் ஒன்றை எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். என்ன குறை என்று தெரியவில்லை. நகத்தால் தடவியபோதுதான், தையல் ஓரத்தைவிட்டு வெளியே ஓடியிருப்பது பட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பல மாதங்களாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், இனிமேல் முடியாது, இன்றைக்குச் சாயங்காலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான். தையல் பிரிவில் யாரிடமும் அவர் சொல்லக் கூடாது, அவளே சொல்லிக்கொள்வாள். அவர் சரி என்றார்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது கல்யாணம் ஆகியோ வயதாகியோ போவதாக இருந்தால் ஒரு பெட்டி டோனட் வாங்கி வந்து, வரிசை வரிசையாகப் போய்க் கொடுத்து, கைகுலுக்கிவிட்டுப் போவார்கள். நிறுத்தப்பட்டவர்கள் அப்படிச் செய்வதில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போய்விடுவார்கள். ஒடீல் கோட்டை மாட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போனாள். பெரிய பெட்டியாக இரண்டு வாங்கினாள். மூன்று மணிக்கு மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு போனாள்.

"போதும்னு தோணிச்சு. இத்தனை வருஷமா அதே ஜன்னலைப் பாத்துட்டிருக்கேன். இனிமே வேற ஜன்னலைப் பாக்கலாம்னு" என்றாள்.

எல்லாரும் கைதட்டினார்கள். பக்கத்து மெஷின் தெரேஸ் மிஷோ அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நினைத்த நேரத்தில் எழுந்து போகிற தைரியம் ஒடீலுக்கு மட்டும்தான் வரும் என்றாள். ஹாஸ்கல் அறையிலிருந்து வந்து எல்லார் எதிரிலும் அவளுக்குக் கைகொடுத்தார். ஒடீல் முன்கதவு வழியாகவே வெளியே போனாள்.

குளோவிஸிடமும் அதையே சொன்னாள். அவன் அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "நல்லதுதான். ஓய்வா இரு" என்றான்.

மார்ச் முடிவதற்குள் கையில் இருந்தது கரைந்துவிட்டது. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் கொண்டுவரும் லாரிக்காரன் கடனுக்கு ஊற்ற மாட்டேன் என்றான். குளோவிஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, அவள் சமையலறையில் கோட்டும் தொப்பியுமாக, குளிருக்காகக் கேஸ் அடுப்பை எரியவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். தோல் சதையோடு பட்டைபட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. அவன் அடுத்த நாளே ஒரு வண்டி விறகைக் கொண்டுவந்து இறக்கினான். விறகை அடுக்கிவிட்டு, வியாழக்கிழமை தன்னுடன் கூடத்துக்கு வரச் சொன்னான். அவள் முடியாது என்றாள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னான். அவனுடையது ரயில்பெட்டி போன்ற சின்ன டிரெய்லர் வீடு. அவன் மகளுடைய அறையில், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் அவள் படுக்க வேண்டியிருக்கும். இரண்டு நாள் யோசித்துவிட்டு வியாழக்கிழமை வருகிறேன் என்றாள்.

கூடத்தின் வாசலில் ஆண்கள் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒடீலைக் கண்டதும் குளோவிஸின் கூட்டாளி ஃபெர்னான் தொப்பியைக் கழற்றினான்.

"என்னக்கா, வழி தப்பி வந்துட்டீங்களா? பிங்கோ ஆட்டம் செவ்வாய்க்கிழமைதானே."

"இவன் பேப்பரைத் தொலைச்சுடுவான்னு கூட வந்தேன்" என்றாள்.

ஆனால் வரிசை மேஜையருகில் வந்தபோது குளோவிஸ் தள்ளி நின்று அவளை முன்னால் விட்டான். அரசாங்க ஆள் வீலர் என்பவர். காதோரம் கையைக் குவித்துக்கொண்டு பதிலைக் கேட்கிறவர். தன் காது மந்தமானதால் மற்றவர் காதும் மந்தம் என்று நினைப்பவரைப் போல உரக்கக் கேட்பார். பெயர், பிறந்த தேதி, கம்பெனி எல்லாம் கேட்டார். பிறகு கேட்டார்:

"வேலை போச்சா, நீங்களா விட்டீங்களா?"

அவளுக்குப் பின்னால் நின்றவன் தெரேஸ் மிஷோவின் புருஷன். அவன் மூச்சு அவளுக்குக் கேட்டது. இங்கே என்ன சொன்னாலும் அது இன்று ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் தெரேஸின் காதுக்குப் போய்விடும். நாளைக் காலை தையல் பிரிவு முழுக்கத் தெரிந்துவிடும்.

"நானாத்தான் விட்டேன்" என்றாள்.

வீலர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "உடம்புக்கு முடியாமலா? வேற ஏதாவது காரணமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"போதும்னு தோணிச்சு. விட்டேன். அதுல யோசிக்க என்ன இருக்கு?"

அவர் எழுதிக்கொண்டார். வண்டியில் ஏறிய பிறகு குளோவிஸ் சாவியைப் போட்டுவிட்டுத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான். காரணமில்லாமல் தானாக வேலையை விட்டவர்களுக்கு ஒரு காசு கிடையாது என்று சொன்னான். நிறுத்தப்பட்டவர்களுக்குத்தான் அந்தப் பணம். இது தெரியாத ஆள் இந்த ஊரில் இருக்க முடியும் என்று அவன் நினைத்ததே இல்லை.

ஒடீலுக்குக் காது சூடாயிற்று. வேலை போனவர்களில் கௌரவமாக வந்தவர்களுக்குத்தான் முதலில் கொடுப்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை.

"அக்கா, நிஜமா நீயாத்தான் விட்டியா?"

"எத்தனை தடவைடா சொல்றது?"

அவன் வண்டியைக் கிளப்பினான்.

கம்பெனியிலும் விசாரித்தார்கள். அவளாகத்தான் போனாள் என்று அங்கிருந்தும் பதில் போயிற்று. அவளை நிறுத்தியதாகச் சொன்னால் காப்பீட்டுக்குக் கம்பெனி கட்டும் பங்கு ஏறும். அவளே போனதாகச் சொன்னால் ஒன்றுமில்லை. அவள் சொன்னதைத்தான் அவர்களும் சொன்னார்கள். ஆகவே அவளுக்குப் பணம் கிடையாது என்று முடிவாயிற்று. மேல்முறையீடு செய்ய இரண்டு வாரம் அவகாசம் இருந்தது. அவள் செய்யப்போவதில்லை என்றுதான் இருந்தாள்.

இந்த முடிவு வருவதற்கு முன்பே குளோவிஸும் அவன் மனைவி ஜினெட்டும் சனிக்கிழமைதோறும் வர ஆரம்பித்திருந்தார்கள். ஒரு வாரம் பக்வீட் என்ற தானியத்தின் மாவு, உப்புப் பன்றிக்கொழுப்பு. இன்னொரு வாரம் மஞ்சள் அவரை விதை, வெல்லப்பாகு. ஒடீல் மாவைக் கரைத்து, தோசைபோல மெல்லிய ப்ளோய் சுட்டு அவர்களுக்கும் போட்டாள். தம்பி அக்காவுக்கு வாங்கித் தருவதில் அவளுக்குக் குறை தெரியவில்லை. அவனை வளர்த்தவள் அவள்தான். ஒரு சனிக்கிழமை அவன் வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தபோது ஜினெட் வெண்ணெய் தடவிக்கொண்டே வெகுளியாகச் சொன்னாள்:

"சேத்துச் சம்பளம் கைக்கு வந்ததும் முதல்ல உங்க சாமான்தான் அண்ணி. அப்புறம்தான் எங்க வீட்டுக்கு. அவர் கணக்கு அப்படி."

ஒடீல் வாயில் இருந்ததை விழுங்க முடியாமல் சிறிது நேரம் வைத்திருந்தாள். பிறகு விழுங்கினாள். துப்புவதற்கு இடமில்லை. மூன்று வாரமாக அதைத்தான் தின்றுகொண்டிருந்திருக்கிறாள். இருபது வருடங்களாக அவன் முகத்துக்கு நேரே பிச்சை என்று சொன்னதைப் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, அவள் வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அவள் சால்வையைப் போட்டுக்கொண்டு விறகுக் குவியலருகில் போய் நின்றாள். மேல்முறையீடு செய்ய வேண்டும், கூட்டிக்கொண்டு போ என்றாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கோடரியைக் கட்டையில் குத்தி வைத்துவிட்டுத் திங்கட்கிழமை வருகிறேன் என்றான்.

விசாரணை மே மாத நடுவில், அடுத்த ஊரில், நகரசபைக் கட்டடத்தின் மாடியில் நடந்தது. விசாரணை அதிகாரி நரைக்கத் தொடங்கிய ஒரு பெண்மணி. மேஜைமேல் பேச்சைப் பதிவு செய்யும் டேப் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. எதிர்ப்பக்கம் ஹாஸ்கல் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தெரேஸ். அவளை அங்கே பார்ப்போம் என்று ஒடீல் நினைக்கவில்லை. தெரேஸ் அவளைப் பார்த்துக் கையசைத்தாள்.

அதிகாரி குளோவிஸைக் காட்டி, சாட்சியா என்று கேட்டார். இல்லை, வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவன் என்று அவன் எழுந்தான். கதவுவரைக்கும் போய்விட்டான். வெளியே போகட்டும் என்றுதான் ஒடீலின் மனசு கிடந்தது. இந்த அறையில் பேசப்போவதை அவன் ஒருவன் கேட்காமல் இருந்தால் போதும். ஆனால் மாவும் விறகும் அவன் கொண்டுவந்தவை.

"இருக்கட்டும். என் தம்பி" என்றாள்.

முதலில் தெரேஸைக் கேட்டார்கள். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஒடீல் டோனட் கொடுத்தது, வேறு ஜன்னலைப் பார்க்கப் போகிறேன் என்றது, எல்லாரும் கைதட்டியது எல்லாம் சொன்னாள். தோழிக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் அவள் முகம் மலர்ந்திருந்தது.

"அவ்வளவு சந்தோஷமா ஒருத்தரும் போனதில்லைங்க. நான் ரெண்டு டோனட் சாப்பிட்டேன். வேலையை விட்டா இப்படி விடணும்னு நாங்க இன்னிக்கும் பேசிக்கிறோம்" என்றாள்.

ஹாஸ்கலும் அதையே சுருக்கமாகச் சொன்னார். கைகொடுத்ததைச் சொன்னார். பொய்யாக ஒன்றும் சொல்லவில்லை. மதியம் நடந்ததை மட்டும் சொல்லவில்லை.

அதிகாரி ஒடீலிடம் திரும்பினார். "நானாகத்தான் விட்டேன் என்று நீங்களே வீலரிடம் சொல்லியிருக்கிறீர்கள். இவர்களும் அதையே சொல்கிறார்கள். அப்புறம் எதற்கு மேல்முறையீடு?"

ஒடீல் மேஜையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அந்தப் பழக்கம் இப்போது எங்கே உட்கார்ந்தாலும் வந்துவிட்டது. தெரேஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் குளோவிஸ் நாற்காலியில் அசையவே இல்லை.

"அன்னிக்கு மதியம் அவர் என்னை வேண்டாம்னு சொல்லிட்டார்" என்றாள். "ரெண்டு ஷூ மேஜைமேல இருந்துச்சு. நான் தச்சது. எங்க கோணல்னு எனக்குத் தெரியல. நகத்தால தடவித்தான் கண்டுபிடிச்சேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். டோனட் அதுக்கப்புறம் போய் வாங்கினது."

தெரேஸ் மடியில் இருந்த கைப்பையைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினாள்.

அதிகாரி ஹாஸ்கலைப் பார்த்தார். "அடுத்த திங்கட்கிழமை காலையில் இந்த அம்மா வந்திருந்தால், மெஷினில் உட்கார்ந்திருக்கலாமா?"

ஹாஸ்கல் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார். "முடியாது" என்றார். "வேற பொண்ணை வரச் சொல்லியிருந்தோம்."

"வேண்டுமென்றே கெடுத்தாரா? கவனக்குறைவா?"

"சேச்சே, இவங்க மாதிரி கவனமா தைக்கிறவங்க எங்ககிட்ட இருந்ததில்லை. கண்ணு தெரியல. பாவம், அவ்வளவுதான். ரொம்ப நாளாவே தெரியல. எல்லாம் தடவித் தடவித்தான் தச்சாங்க. நானும் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அவள் இத்தனை மாதம் கட்டிக் காத்ததை, அவளுக்கு உதவியாக, ஒரே மூச்சில் எல்லார் எதிரிலும் கொட்டிவிட்டார். ஒடீலுக்கு எழுந்து அவர் வாயைப் பொத்த வேண்டும்போல இருந்தது. முடியாமல் போவது குற்றமாகாது, சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை என்று அதிகாரி விளக்கினார். அவள் தலையாட்டினாள். குற்றம் செய்து நிறுத்தப்பட்டிருந்தால் ஒருவேளை இவ்வளவு கூச்சமாக இருந்திருக்காதோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

படியிறங்கும்போது தெரேஸ் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "எனக்குத் தெரியாதுடி. தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன்" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒடீல் அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

தீர்ப்பு அவளுக்குச் சாதகமாக அடுத்த வாரம் வந்தது. அன்றைக்கு வண்டியில் அது அவளுக்குத் தெரியாது. இருபது வருடங்களாகக் குளோவிஸ் சேர்த்து வைத்திருக்க வேண்டிய பதில் எல்லாம் இப்போது வரும் என்று அவள் காத்திருந்தாள். அவன் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். ஆற்றுப் பாலம் தாண்டியது. உருளைக்கிழங்கு வயல்கள் வந்தன.

"ஏதாவது சொல்லித் தொலையேன்டா" என்றாள்.

"என்ன சொல்ல?" கொஞ்ச தூரம் போன பிறகு அவனே கேட்டான்: "எந்தக் கண்ணு?"

"இடது. வலதுலயும் இப்ப கொஞ்சம் ஆரம்பிச்சிருக்கு."

"கிறிஸ்மஸுக்குக் கையுறை பின்னிக் குடுத்தியே, ஒண்ணு கறுப்பு, ஒண்ணு நீலம். அதை நான் ஃபேஷன்னு நெனைச்சு ஃபெர்னான்கிட்ட பெருமையடிச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குளிர்காலம் முழுக்க அவன் அதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனான் என்பது அவளுக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சற்றுக் கழித்து, அந்தப் பக்கமே பார்த்தபடி கேட்டாள்:

"அந்த வரிசையில நிக்கும்போது யாராவது முகத்தைப் பாத்தா என்னடா சொல்லுவ?"

"யாரும் பாக்க மாட்டோம்."

"அவ்வளவு சிரிப்பும் கும்மாளமுமா நிப்பீங்களே."

"அது வாசல்ல. உள்ள போயிட்டா அவனவன் பூட்ஸைத்தான் பாத்துட்டு நிப்பான்." கியரை மாற்றினான். "நானும்தான். முதல் வருஷத்துல இருந்து."

ஒடீல் அவன் கால்களைப் பார்த்தாள். காய்ந்த சேறு தையல்வரைக்கும் ஏறியிருந்த பழைய பூட்ஸ். இருபது வருடங்களாகப் பிச்சை என்றதற்கு அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவளுக்குப் பழக்கமில்லை.

"பாதை காஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒரு வாரம் ஆகும்" என்றான் அவன்.